ஐம்பத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு

புதன்கிழமை, காலை 6.40.

ஜங்லிகாட் படகுத்துறையை ஒட்டிய மீன் குளிர்பதனக் கிடங்கில், இரண்டாம் எண் உறைவறையின் கதவைத் திறந்தவர் காவலாளி பொன்னுத்துரை. ஏழு மணிக்கு வண்டி வரும். அதற்குள் இறால் பெட்டிகள் வெளியே வந்திருக்க வேண்டும். கதவு திறந்ததும் வெண்புகை தரையோடு வழிந்து அவர் காலில் பட்டது. அது விலகியபோது, வாசலிலிருந்து நான்கடி தள்ளிச் சுவரில் சாய்ந்து ஒருவன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முழங்கால்களை மடக்கி, கைகளை அக்குளில் செருகியிருந்தான். புருவத்தில் உறைபனி. பக்கத்தில் ஒரு சின்ன ஏணி, டூல் பை.

பொன்னுத்துரை "தம்பி" என்று இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு ஓடாமல், நடந்தே போய் மேனேஜருக்குப் போன் செய்தார்.

வைஜெயந்திக்குச் செய்தி வந்தது 6.58க்கு. பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னவர் சப்-இன்ஸ்பெக்டர் சிவபிரகாஷ். கேட்டுவிட்டு, "சரி சார், வர்றேன்" என்றாள். வாயைக் கொப்பளித்தாள். துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். போட்டது ஈரத் துண்டா, காய்ந்த துண்டா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை.

இறந்தவன் குணா. முப்பத்து நான்கு வயது. ஆறு வருடமாக அவளோடு பாதிப் பங்குக்குத் தொழில் செய்தவன். போர்ட் பிளேரில் கண்காணிப்புக் கேமரா மாட்டித் தர எத்தனையோ பேர் உண்டு. மாட்டிய கேமராக்களுக்குப் பின்னால் ஓடும் கம்ப்யூட்டர் எத்தனை வருடம் உழைக்கும், எந்தப் பாகத்தை எந்த வருடம் மாற்ற வேண்டும், அதற்கு முன்கூட்டியே எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் இவர்கள் இருவர்தான். உப்புக்காற்று அடிக்கிற ஊர். ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துப் போனால் அடுத்தது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து சேரப் பதினைந்து நாள். ஆகவே சாவதற்கு முன்பே மாற்ற வேண்டும். இவள் கணக்குப் போடுவாள். அவன் ஏணியில் ஏறுவான்.

ஹெல்மெட்டை எடுக்கும்போது போனைப் பார்த்தாள். நேற்று மாலை 4.31க்கு குணா அனுப்பிய வாட்ஸ்அப் இருந்தது. ஒரே ஒரு எண். 52116. வேறு ஒரு சொல்லும் இல்லை. நேற்று அவள் பெரார்கஞ்சில் ஒரு பாக்குக் கிடங்கில் இருந்தாள். அங்கே நெட்வொர்க் கிடையாது. 6.20க்குத் திரும்பி வரும் வழியில்தான் பார்த்தாள். புது ரெக்கார்டருக்கு எவனோ சொன்ன விலை என்று எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் அதிகம். குறைக்கப் பாரு" என்று பதில் போட்டிருந்தாள்.

அந்தப் பதிலுக்குக் கீழே இன்னும் ஒற்றை டிக்தான் இருந்தது.

காலை 7.40.

உடலை எடுத்துப் போய்விட்டார்கள். உறைவறைக் கதவு திறந்தபடி கிடந்தது. சிவபிரகாஷ் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி இந்தி கலக்கும்.

"மேடம், விஷயம் சீதா, நேரான கேஸ். இந்தக் கதவு இழுத்துவிட்டா தானா லாக் ஆயிடும். உள்ள இருந்து திறக்க ஒரு தள்ளுகம்பி இருக்கு. அது மூணு மாசமா உடைஞ்சு கிடக்கு. எல்லாருக்கும் மாலூம், தெரிஞ்சதுதான். அதனால உள்ள போறவங்க இந்தக் கட்டையைக் கீழ சொருகிட்டுத்தான் போவாங்க."

வெளியே சுவரோரமாக ஒரு மரக்கட்டை கிடந்தது. ஆப்பு மாதிரிச் சீவிய கட்டை.

"கட்டை நழுவியிருக்கு. கதவு மூடியிருக்கு. கத்தினாலும் கம்ப்ரசர் சத்தத்துல கேக்காது. ஆக்சிடென்ட்."

"கேமரா?" என்றாள்.

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இந்த நடையில ஒரு கேமரா இருக்கு. ஆனா ரெக்கார்டிங் இல்லைங்கிறாங்க. ஹார்ட் டிஸ்க் போயிடுச்சாம். நீங்க பாத்து எழுதிக் கொடுத்தா ஃபைலை மூடிடலாம்."

நடை முனையிலிருந்து மேனேஜர் சுதாகர் வந்தார். ஐம்பது வயது. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. இருபது வருடமாக இந்தக் கிடங்கை நடத்துபவர். ஒரு தாள் கூடக் கோணலாக இருக்க விடமாட்டார் என்று குணா சொல்லிச் சிரிப்பான்.

"மேடம், என்ன சொல்றதுன்னே தெரியல."

"குணா எப்போ வந்தான்?"

"மூணரைக்கு. அடுத்த அஞ்சு வருஷத் திட்டம் போடணும்னு முதலாளி சொல்லியிருந்தார்ல, அதுக்கு எல்லாத்தையும் செக் பண்ண வந்தார். நான்தான் சொன்னேன், டிஸ்க் நாலு நாளா பதிவு பண்ணலைன்னு. பாத்துட்டு, ஆமா போயிடுச்சுன்னார். அப்புறம் உறைவறைக்குள்ள இருக்கிற கேமரா மங்கலா தெரியுது, துடைச்சிட்டு வர்றேன்னு போனார்."

"நீங்க?"

"நான் அஞ்சேகாலுக்குக் கிளம்பிட்டேன். அவர் முன்னாடியே போயிட்டார்னு நினைச்சேன்."

"திரும்ப வந்தீங்களா?"

"இல்ல மேடம். காலைல பொன்னுத்துரை போன் பண்ணித்தான் வந்தேன்."

வைஜெயந்தி தலையாட்டினாள். கட்டையைக் குனிந்து பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. கட்டை கட்டையாக இருந்தது.

காலை 11.05.

ரெக்கார்டர் அறை மாடிப்படிக்கு அடியில், உறைவறையிலிருந்து முப்பதடியில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு திரை, ஒரே ஒரு ரெக்கார்டர், அதற்குள் ஒரே ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். பதினாறு கேமராக்களும் அதில்தான் பதிவாக வேண்டும்.

திரையில் பதினாறு கட்டங்கள். கேமராக்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. நேரடிப் படம் தெரிந்தது. பழைய பதிவைத் தேடினால் ஒன்றும் இல்லை. திரையின் மூலையில் தேதியும் நேரமும் ஓடின. 11.07. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 11.07.

ரெக்கார்டரை அணைக்காமலே மூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றினாள். தான் கொண்டுவந்த கருவியில் மாட்டினாள். அது சுழலவில்லை. காதருகே வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. உயிர் போன டிஸ்க்.

"நான் சொன்னேன்ல மேடம்" என்றார் சுதாகர், வாசலில் நின்றபடி.

"ஆமா" என்றாள்.

அவளுக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபமோ அழுகையோ. ஒன்றும் நடக்கவில்லை. கை தன்பாட்டுக்கு ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து பொன்னுத்துரையிடம் கேட்டாள். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தது.

"நேத்து சாயங்காலம் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே."

"என்னாத்த சொல்றது அம்மா. நான் முன் கேட்டுல இருந்தேனுங்க. அஞ்சேகாலுக்கு மேனேஜர் சாப் ஸ்கூட்டர்ல போனாரு. அஞ்சரைக்கு பிஜிலி போயிருச்சு. ஜெனரேட்டர் போட்டேன். அது கம்ப்ரசருக்கு மட்டுந்தானே, ஆபீசு எல்லாம் இருட்டு. ஆறு மணிக்கு சுஹைல் பாய் போனாரு. ஏழு அஞ்சுக்குக் கரண்ட் வந்துச்சு. ரிஜிஸ்டர்ல எழுதி வச்சிருக்கேன்."

"பின்னாடி படகுத்துறைக் கதவு?"

"அதுக்குச் சாவி ரெண்டு. மேனேஜர் சாப்கிட்ட ஒண்ணு, சுஹைல் பாய்கிட்ட ஒண்ணு. அந்தப் பக்கம் யாரு வந்தாலும் எனக்குத் தெரியாதுங்க."

சுஹைல், முதலாளி அப்துல் ஜப்பாரின் தங்கை மகன். இருபத்தெட்டு வயது. மீன் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்பவன். இரண்டு வாரத்துக்கு முன்னால், கேமராவில் தான் தெரிகிற இடங்களை ஏன் அதிகமாக்குகிறாய் என்று குணாவின் சட்டையைப் பிடித்தவன். சுதாகர் அதைச் சிவபிரகாஷின் காதில் மெல்லப் போட்டிருந்தார். மதியம் சுஹைலைப் போலீஸ் தானாவுக்கு அழைத்துப் போனார்கள்.

மாலை 6.30.

சிவபிரகாஷ் போனில் சொன்னார். "டாக்டர் ரிப்போர்ட் வந்தாச்சு மேடம். குளிர்தான் காரணம். ராத்திரி ஒம்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள உயிர் போயிருக்கு. போன் கம்பெனியிலயும் கேட்டேன். அவர் மொபைல் டவரை விட்டது 4.52க்கு. அந்த இரும்புக் கதவு மூடினா சிக்னல் வராது. அப்போ 4.52க்கு உள்ள மாட்டியிருக்கார்."

நாலு மணி நேரத்துக்கு மேல், என்று வைஜெயந்தி கணக்குப் போட்டாள். தான் பதில் அனுப்பிய 6.20 அதற்கு நடுவில் வந்தது. கணக்கு சரியாக இருந்தது. கணக்கு மட்டும்தான் இருந்தது.

வியாழக்கிழமை, காலை 7.30.

சோறு வடித்துச் சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு முன் அந்தக் கிடங்குக்காகத் தானே எழுதிக் கொடுத்த திட்டத்தை எடுத்தாள். இரண்டு பக்கம். ஒரு பட்டியல்.

ஹார்ட் டிஸ்க் ஒன்று, மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும். அதற்கு நேரே பேனாவால் டிக் போட்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியும் சுதாகரின் கையெழுத்தும்: புதியது வாங்கி மாற்றப்பட்டது. அந்த வேலையை இவளிடமும் குணாவிடமும் கொடுக்கவில்லை. மெயின்லேண்டிலேயே மலிவாக வாங்கிவிட்டேன் என்று சுதாகர் சொல்லியிருந்தார்.

யு.பி.எஸ். பேட்டரி, மூன்று வருடம். டிக் இல்லை.

கடைசி வரி, ரெக்கார்டரின் உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கும் பட்டன் பேட்டரி, நான்கு வருடம். ரூபாய் நாற்பது. டிக் இல்லை.

அந்த வரியை அவள் இரண்டாம் முறை படித்தாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

காலை 8.50.

ரெக்கார்டர் அறையில் அவளும் சிவபிரகாஷும் மட்டும்.

"சார், இந்த யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும்னு பாக்கலாம்" என்று சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பத்தொன்பதாவது நிமிடத்தில் திரை இருண்டது.

ஸ்விட்சைப் போட்டாள். ரெக்கார்டர் தானே உயிர்பெற்றது. பதினாறு கட்டங்களும் வந்தன. மூலையில் தேதி வந்தது.

1 ஜனவரி 2015. நேரம் 00.01.

"இது என்ன மேடம்?"

"கொஞ்சம் இருங்க."

பத்து நிமிடம் காத்திருந்தார்கள். 1 ஜனவரி 2015, 00.11. தானாகத் திருந்தவில்லை. அவள் மெனுவைத் திறந்தாள். நேரத்தை மாற்ற பாஸ்வேர்ட் கேட்டது.

"இந்தப் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்னு கேட்டுச் சொல்ல முடியுமா சார்? எல்லார்கிட்டயும் தனித்தனியா."

சிவபிரகாஷ் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். முதலாளிக்குத் தெரியாது, அவர் போனில் நேரடிப் படம் பார்க்க மட்டும்தான் முடியும். பொன்னுத்துரைக்குத் தெரியாது. சுஹைல் பலமுறை கேட்டும் கொடுக்கப்படவில்லை. தெரிந்தவர்கள் இருவர். ஒருவன் குணா.

"இன்னொரு விஷயம் சார். பழைய டிஸ்க் எல்லாம் எங்க போட்டு வச்சிருக்காங்க?"

அலுவலக அலமாரியின் மேல் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. பழுது என்று எழுதி, உள்ளே இருப்பவற்றின் பட்டியலும் மேலே ஒட்டப்பட்டிருந்தது. ஹார்ட் டிஸ்க், பதினொன்று. நாளை கப்பலில் மெயின்லேண்டுக்கு, உடைத்து நொறுக்குபவர்களிடம் போகிறது.

பெட்டியை ரெக்கார்டர் அறைக்குத் தூக்கி வந்து அவள் எண்ணினாள். பதினொன்றுதான் இருந்தன.

சிவபிரகாஷ் ஏமாற்றமாகப் பார்த்தார். "கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"ஆமா சார். சரியாத்தான் இருக்கு."

ஒவ்வொன்றாகத் தன் கருவியில் மாட்டினாள். முதலாவது சுழலவில்லை. இரண்டாவது கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஏழாவது டிஸ்க் மெல்ல உறுமியது. ஓடத் தொடங்கியது. நன்றாக ஓடியது.

எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். வண்டியின் மீட்டர் போல. யாராலும் எளிதில் அழிக்க முடியாது. வைஜெயந்தி லேப்டாப்பில் அந்த வரியைப் பார்த்தாள்.

52117.

எண்ணை விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு போனை எடுத்து குணாவின் செய்தியைத் திறந்து லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தாள். 52116.

"விலை இல்லை" என்றாள்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க."

காலை 10.30.

முதலாளி அப்துல் ஜப்பார் சென்னையிலிருந்து முதல் நாள் மதிய விமானத்தில் வந்திருந்தார். கீழக்கரைக்காரர், பேரன் பிறந்ததைப் பார்க்கப் போனவர். முகம் கறுத்துப்போயிருந்தது. சுஹைலும் பொன்னுத்துரையும் சுவரோரம் நின்றார்கள். சுதாகர் பேனாவைச் சட்டைப்பையில் நேராக்கிக்கொண்டார்.

"பாய், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்தக் கேமராவைப் போன்ல பாத்தீங்களா?" வைஜெயந்தி கேட்டாள்.

"பாத்தேன்மா. இஷா தொழுகைக்கு முன்னாடி. ஏழே முக்கால் இருக்கும். தினமும் பாப்பேன்."

"தேதி, நேரம் சரியா காட்டுச்சா?"

"சரியாத்தான் காட்டுச்சு. உறைவறைப் படம் மட்டும் பனி மூடி வெள்ளையா இருந்துச்சு. முன்னாடியெல்லாம் கரண்ட் போயி வந்தா ஏதோ ஜனவரி ஒண்ணுன்னு காட்டும். நான் சுதாகரைச் சத்தம் போடுவேன். இப்ப ஆறு மாசமா அவரு உடனே சரி பண்ணிடுவாரு."

சுதாகரின் கை சட்டைப்பையிலேயே நின்றது.

வைஜெயந்தி யாரையும் பார்க்காமல் பேசினாள். விலைப்பட்டியல் படிப்பது போன்ற குரல்.

"செவ்வாய்க்கிழமை அஞ்சரைக்குக் கரண்ட் போச்சு. இந்த யு.பி.எஸ். பத்தொன்பது நிமிஷம்தான் தாங்கும். அப்போ அஞ்சு ஐம்பதுக்கு ரெக்கார்டர் செத்திருக்கும். ஏழு அஞ்சுக்குத் தானா எழுந்திருக்கும். எழுந்தா ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினஞ்சுதான் காட்டும். உள்ள இருக்கிற பட்டன் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு. ஆனா ஏழே முக்காலுக்குப் பாய் பாத்தப்போ சரியான நேரம். மறுநாள் காலைல நான் பாத்தப்பவும் சரியான நேரம். நான் அதைப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு விட்டுட்டேன். தப்பா இருந்திருந்தா யோசிச்சிருப்பேன்."

அவள் ரெக்கார்டருக்கு முன்னாலிருந்த நாற்காலியைத் தொட்டுக் காட்டினாள்.

"ஏழு அஞ்சுக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவுல யாரோ இந்த நாற்காலியில உட்காந்து பாஸ்வேர்ட் போட்டு நேரத்தைத் திருத்தியிருக்காங்க. பாஸ்வேர்ட் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். குணா 4.52ல இருந்து உள்ள இருந்தான்."

எல்லோரும் சுதாகரைப் பார்த்தார்கள்.

"மேடம், நான் வீட்டுல இருந்தேன்" என்றார் சுதாகர். "கரண்ட் போனப்போ ஸ்கூல் லைன் ஏரியாவுல என் வீட்டுல இருந்தேன். என் வைஃப் கிட்ட கேளுங்க."

"கரண்ட் போனப்போ இருந்திருப்பீங்க. நான் கேக்கறது வந்தப்போ."

அவள் பழுதுப் பெட்டியை மேஜை நடுவுக்கு நகர்த்தினாள்.

"நீங்க படகுத்துறைக் கதவு வழியா வந்தீங்க. ஓடிட்டிருந்த டிஸ்க்கைக் கழற்றினீங்க. பழுதுப் பெட்டியில இருந்து ஒரு செத்த டிஸ்க்கை எடுத்து இதுல மாட்டினீங்க. நல்ல டிஸ்க்கை அந்தப் பெட்டியில போட்டீங்க. பதினொண்ணு பதினொண்ணாவே இருக்கணும், நீங்க கணக்குத் தவற விடமாட்டீங்க. நாளைக்குக் கப்பல்ல போயிட்டா அதை யாரும் பாக்கப் போறதில்ல. அப்புறம் ரெக்கார்டரைப் போட்டீங்க. தேதி தப்பா இருந்துச்சு. பழக்கம். திருத்திட்டீங்க."

லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

"இந்த டிஸ்க் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புதுசா வாங்கினதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ராத்திரி பகலா ரெண்டு வருஷம் ஓடினா பதினேழாயிரத்து ஐந்நூறு மணி நேரம் வரும். இதுல ஐம்பத்திரண்டாயிரம். கிட்டத்தட்ட ஆறு வருஷம் ஓடின டிஸ்க். யாரோ கழிச்சுப் போட்டதை வாங்கிப் போட்டுட்டு, புதுசு விலையைக் கணக்குல எழுதியிருக்கீங்க. செவ்வாய்க்கிழமை நாலரைக்கு குணா இந்த எண்ணைப் பாத்தான். எனக்கு அனுப்பினான். அப்போ 52116. ரெக்கார்டர் அணையற வரைக்கும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு. இப்போ 52117. இது அந்த டிஸ்க்தான்."

"ஓட விடுங்க மேடம்" என்றார் சிவபிரகாஷ்.

அவள் ஓட விட்டாள்.

செவ்வாய்க்கிழமை, மாலை 4.49. நடைக் கேமரா. தோளில் ஏணியோடு குணா நடந்து வருகிறான். பின்னால் சுதாகர். இருவரும் பேசுகிறார்கள், சத்தம் பதிவாகவில்லை. குணா தலையை அசைத்து மறுக்கிறான். கட்டையைக் காலால் தள்ளிக் கதவுக்கடியில் சொருகுகிறான். உள்ளே போகிறான். 4.51. சுதாகர் நடையின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். குனிந்து கட்டையை எடுக்கிறார். கதவு மூடிக்கொள்கிறது. கட்டையைச் சுவரோரமாக, நேராக வைக்கிறார்.

வைஜெயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் கீழ் வினாடிகள் மாறுவதைத்தான் அவளால் பார்க்க முடிந்தது.

பதிவு 5.49க்கு அறுந்தது. அடுத்த துண்டில் தேதி 1 ஜனவரி 2015. நேரம் 00.06. அதே நடை, விளக்கு எரிகிறது. படகுத்துறைப் பக்கமிருந்து சுதாகர் வருகிறார். உறைவறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறார். கதவில் காதை வைக்கிறார். ஒரு நிமிடம் நாற்பது வினாடி அப்படியே நிற்கிறார். பிறகு மாடிப்படிப் பக்கம் போகிறார்.

அப்துல் ஜப்பார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏன் சுதாகர்?" என்றார். "என்கிட்ட வந்து தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்கப் போறேன்?"

"முதலாளி கிட்ட சொல்லாதேன்னு கேட்டேன்" என்றார் சுதாகர், தரையைப் பார்த்து. "சொல்லித்தான் ஆகணும், திட்டத்துல எழுதணும்னான். பத்து நிமிஷம் உள்ள கிடந்தா பயந்து ஒத்துக்குவான்னு நினைச்சேன். அப்புறம் திறந்தா இதையும் சேத்துச் சொல்வானேன்னு தோணுச்சு. வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஏழு மணிக்குத் திரும்ப வந்தீங்களே" என்றார் சிவபிரகாஷ். "கதவுல காது வச்சீங்க. என்ன கேட்டுச்சு?"

சுதாகர் ஒரு பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மறுபடி செருகினார்.

"தட்டிட்டு இருந்தான்."

பொன்னுத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுஹைல் வெளியே போய்விட்டான்.

"உங்களுக்கு ரெண்டு கதவு இருந்துச்சு" என்றாள் வைஜெயந்தி. "அந்த ரூம்ல அவன் உயிரோட இருந்தான். நீங்க இந்த ரூமுக்கு வந்து நேரத்தைச் சரி பண்ணினீங்க."

அவள் சொன்னதில் சூடே இல்லை. சிவபிரகாஷ் ஒரு கான்ஸ்டபிளுக்குத் தலையசைத்தார்.

மாலை 4.00.

குணாவின் வீடு டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில், சரிவில் மூன்றாவது. அப்பா ஈஸ்வரன், அரசாங்கப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாளாகத் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: கவனமில்லாமப் போயிட்டான், கதவைப் பாக்காம போயிட்டான். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் குணாவின் மனைவி ப்ரியங்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வைஜெயந்தி தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். முதலிலிருந்து, நேரத்தோடு. ப்ரியங்கா வாசற்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அவன் கட்டையை வச்சிட்டுத்தான் போனான்" என்று முடித்தாள். "கவனமாத்தான் போனான்பா."

ஈஸ்வரன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அந்த மேனேஜர் எத்தனை மணிக்குக் கதவை மூடினான்?"

"4.51."

"நான் அஞ்சு மணிக்குப் போன் பண்ணினேன். பிரஷர் மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்ல. போகல. ஏழரைக்கும் பண்ணினேன். அப்பவும் போகல." ப்ரியங்காவின் பக்கம் திரும்பினார். "பொறுப்பில்லாத பயன்னு திட்டினேன். திட்டினேன்ல?"

"திட்டுனீங்க மாமா."

"அப்புறம் என்ன பண்ணினேன்?"

"சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேன்" என்றார். "படுத்துத் தூங்கவும் செஞ்சேன்."

கீழே சாலையில் ஒரு ஆட்டோ ஏற முடியாமல் முனகியது. ப்ரியங்கா வந்து வைஜெயந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகிறவளாகத் தெரியவில்லை. அவள் தோள் வைஜெயந்தியின் தோளில் பட்டது. அந்த இடம் சூடாக இருந்தது. இரண்டு நாளில் முதல்முறையாக வைஜெயந்திக்கு ஒன்றின் சூடு தெரிந்தது. தெரிந்ததும் கண் நிறைந்தது.

ஈஸ்வரன் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

"அந்தப் படம் இப்ப எங்க இருக்கு?"

"தானாவுல."

"என்னைக் கூட்டிட்டுப் போறியாம்மா?"

"வேண்டாம்பா. அதைப் பாக்காதீங்க."

"கதவு மூடறதைப் பாக்கல. அதுக்கு முன்னாடி நிறுத்திடச் சொல்லு. ஏணியைத் தூக்கிட்டு வர்றான்னு சொன்னியே, அது வரைக்கும் போதும்." பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "செவ்வாய்க்கிழமை அவன் கிளம்பும்போது நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். நிமிர்ந்து பாக்கல."

வைஜெயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்கூட்டரைத் திருப்பினாள். ப்ரியங்கா படியில் மாமனாரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"மெதுவாப் போம்மா" என்றார். "ஒண்ணும் அவசரமில்ல."